செயற்கைக்கோள் உடலில் ஒளியிழை வெப்பநிலை உணரி பொருத்துவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேனல்களைக் கழற்றி வைத்திருக்கும் ஒரு செயற்கைக்கோளின் உள்ளே எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வயர்தான். கட்டுக் கட்டாக வயர். அதில் ஒரு பங்கு வெப்பநிலை உணரிகளுக்குப் போகிறது. வழக்கமாகப் போடும் மின் உணரியான தெர்மிஸ்டருக்கு இரண்டு வயர் என்று வைத்தாலும், பெரிய தகவல்தொடர்புக் கோளில் நூற்றுக்கணக்கான தெர்மிஸ்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வயர் இழுக்க வேண்டும், ஒட்ட வேண்டும், சோதிக்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முடியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரே கண்ணாடி இழையில் பத்துப் பன்னிரண்டு உணரிகளைக் கோத்துவிடலாம் என்று சொன்னால், இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

இது விண்ணில் நடந்து காட்டப்பட்ட விஷயம். 2009 நவம்பர் 2 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ராக்காட் ராக்கெட்டில் கிளம்பிய புரோபா-2, ஐரோப்பிய விண்வெளி முகமையின் சிறிய கோள். எடை சுமார் 130 கிலோ. சூரியனைக் கவனிப்பதும் புதிய தொழில்நுட்பங்களைப் பறக்கவிட்டுப் பார்ப்பதும் அதன் வேலை. கனடாவின் எம்பிபி கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் செய்த ஒளியிழை உணரித் தொகுப்பு அதில் ஏறியது. கோளின் உடலில் பல இடங்களின் வெப்பநிலை, உந்துவிசைக் கருவியின் சூடு, செனான் தொட்டியின் அழுத்தம் எல்லாவற்றையும் ஒளியை வைத்தே அது அளந்தது. 2023 ஜூலை 5 அன்று கடைசி ஏரியன்-5 ராக்கெட்டில் போன ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கோளிலும் மின் உணரிகளும் ஒளியிழை உணரிகளும் கலந்த ஒரு அமைப்பு சோதனைக்காக வைக்கப்பட்டது.

இந்தத் துறைக்குள் இப்போதுதான் வருகிற மாணவருக்கும் இளம் பொறியாளருக்கும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது: ஒளியிழை உணரிக்கு வெப்பமும் இழுப்பும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அதை எங்கே, எதால், எப்படி ஒட்டுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அது வெப்பமானியா இல்லையா என்பது முடிவாகிறது. கருவி வாங்குவதில் காட்டும் கவனத்தைவிட அதிகமாகப் பசையில் காட்டுங்கள்.

முதலில்: உங்களுக்கு ஃபைபர் வேண்டுமா?

பத்து சென்டிமீட்டர் கனசதுரக் கோள் செய்கிறீர்கள், பத்து இடத்தில் வெப்பநிலை தெரிந்தால் போதும் என்றால், தெர்மிஸ்டரே போடுங்கள். ஃபைபர் எடையில்லாதது, ஆனால் அதைப் படிக்கும் இன்டராகேட்டர் எடையும் மின்சாரமும் கேட்கும். தரையில் பயன்படுத்தும் சாதாரண இன்டராகேட்டருக்கே பல லட்ச ரூபாய் ஆகும். விண்ணுக்கு ஏற்றதென்றால் பேச்சே வேறு.

ஃபைபர் தன் மதிப்பைக் காட்டும் இடங்கள் வேறு. எரிபொருள் தொட்டியின் மேல்: மின்சாரம் ஓடாததால் தீப்பொறிக்கு இடமில்லை. ஆன்டெனாவின் பிரதிபலிப்பான் மேல்: உலோக வயர் ரேடியோ அலைகளைக் குழப்பும், கண்ணாடி இழை குழப்பாது. உயர் மின்னழுத்தக் கருவிகளுக்குப் பக்கத்தில்: மின்காந்த இரைச்சல் ஒளியைத் தொடாது. அப்புறம், கார்பன் ஃபைபர் பேனலின் உள்ளேயே உணரி வேண்டும் என்றால் ஃபைபருக்கு நிகராக வேறொன்றை எனக்குத் தெரியாது. உணரிகளின் எண்ணிக்கை ஐம்பது, நூறு என்று போனாலும் கணக்கு ஃபைபர் பக்கம் சாயத் தொடங்கும்.

எந்த வகை ஃபைபர் உணரி என்ற கேள்வி அடுத்து வரும். ராமன் சிதறலை வைத்து இழை முழுக்க வெப்பநிலை படிக்கும் முறை எண்ணெய்க் கிணறுகளிலும் சுரங்கப் பாதைகளிலும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதன் இடப்பிரிப்பு வழக்கமாக ஒரு மீட்டர் அளவில் இருக்கும்; இரண்டு மீட்டர் பேனலில் இரண்டு புள்ளிகள்தான் கிடைக்கும். ரேலே சிதறலைப் படிக்கும் முறை மில்லிமீட்டர் வரை நுணுக்கமானது, தரைச் சோதனைகளுக்கு அருமை. பறக்கும் கோளுக்கு இன்றைக்கு நடைமுறையில் நிற்பது பிராக் கிரேட்டிங். இனி அதைப் பற்றியே பேசுவோம்.

கிரேட்டிங் என்ன செய்கிறது

ஃபைபரின் நடு மையத்தில், சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் கூட்டிக் குறைத்து வரி வரியாக எழுதியிருப்பார்கள். அதுதான் கிரேட்டிங். வரிகளின் இடைவெளி அரை மைக்ரானுக்குச் சற்று மேல். ஒவ்வொரு வரியும் துளி ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒரே ஓர் அலைநீளத்துக்கு மட்டும் அந்தத் துளிகள் எல்லாம் ஒன்றுகூடிப் பலமாகத் திரும்பும். மற்றவை கடந்து போய்விடும். அந்த அலைநீளம், ஒளிவிலகல் எண்ணையும் இடைவெளியையும் பெருக்கி இரண்டால் பெருக்கினால் வருவது. 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென்னத் ஹில்லும் உடன் இருந்தவர்களும் கண்ணாடி இழை ஒளியால் இப்படி மாறுவதைக் கண்டார்கள். 1989-இல் புற ஊதாக் கதிரைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி எழுதும் வழி வந்த பிறகு, விரும்பிய அலைநீளத்தில் எழுதுவது சாத்தியமானது.

சூடானால் ஒளிவிலகல் எண் கூடும், இடைவெளியும் கொஞ்சம் நீளும். இழுத்தாலும் நீளும். இரண்டிலும் திரும்பி வரும் அலைநீளம் நகரும். 1550 நானோமீட்டரில் வேலை செய்யும் வெற்று ஃபைபரில் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு:

ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10 பிகோமீட்டர் (ஆயிரம் பிகோமீட்டர் ஒரு நானோமீட்டர்).
பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு, அதாவது ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு, சுமார் 1.2 பிகோமீட்டர்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேனல் 100 மைக்ரோஸ்ட்ரெயின் வளைந்தால், அதாவது ஒரு மீட்டருக்கு முடியின் தடிப்பளவு நீண்டால், உங்கள் 'வெப்பமானி' 12 டிகிரி ஏறியதாகச் சொல்லும். திருகை இறுக்கினாலே அந்த அளவு வரும்.

இன்னொரு கணக்கு. ஃபைபரை அலுமினியத்தில் முழு நீளமும் ஒட்டிவிட்டால், அலுமினியம் டிகிரிக்கு 23 மைக்ரோஸ்ட்ரெயின் விரியும், கண்ணாடி சுமார் அரை மைக்ரோஸ்ட்ரெயின்தான் விரியும். அலுமினியம் கண்ணாடியை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு மட்டும் 27 பிகோமீட்டர். சொந்தமாக இருக்கும் 10-ஐச் சேர்த்தால் டிகிரிக்கு 37 பிகோமீட்டர். அதே ஃபைபரைக் கார்பன் ஃபைபர் பேனலில் ஒட்டினால், அந்தப் பேனல் கிட்டத்தட்ட விரிவதே இல்லை என்பதால், திரும்பவும் 10-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரே உணரி, ஒரே வெப்பநிலை, இரண்டு பதில்கள். தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக் கணக்குப் போடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஃபைபரும் அதன் மேல்பூச்சும்

சாதாரண தகவல்தொடர்பு ஃபைபரின் மேல் அக்ரிலேட் பூச்சு இருக்கும். அது 85 டிகிரி வரைதான் தாங்கும். தடிப்பும் அதிகம், மொத்த விட்டம் 250 மைக்ரான். விண்வெளி வேலைக்குப் பாலிஇமைட் பூச்சையே பெரும்பாலும் எடுக்கிறார்கள்: 300 டிகிரி வரை தாங்கும், மொத்த விட்டம் 155 மைக்ரான் அளவு, பசையையும் நன்றாகப் பிடிக்கும்.

பாலிஇமைட்டுக்கு ஒரு குணம் உண்டு, அது என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஆறு கிரேட்டிங்குகளைச் சாதாரண ஆய்வக அறையில், தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பிடி100 என்ற பிளாட்டினம் வெப்பமானியோடு ஒப்பிட்டு அழகாக அளவுதிருத்தம் செய்தேன். பிறகு அவற்றை வெற்றிட அறைக்குள் வைத்துப் பம்பை ஓடவிட்டோம். பிடி100 அசையாமல் 22 டிகிரியில் நின்றது. ஃபைபர் உணரிகள் ஆறும் மெல்ல மெல்லக் குளிர்ந்தன. இரண்டு மணி நேரத்தில் நான்கு டிகிரிக்கு மேல் இறக்கம். ஒரு உணரி தவறினால் சந்தேகப்படலாம். ஆறும் சேர்ந்து இறங்கினால் நம்பத் தோன்றும். அறையின் சுவரில் எங்கோ குளிர் இருக்கிறது என்று தேடினோம். கடைசியில்தான் புரிந்தது: பாலிஇமைட் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும்; வெற்றிடத்தில் ஈரம் போனால் சுருங்கும். சுருங்கும் பூச்சு கண்ணாடியையும் சேர்த்து அமுக்கும். அலைநீளம் குறையும். திரையில் குளிர் தெரியும். உண்மையில் எதுவும் குளிரவில்லை.

அதனால், பாலிஇமைட் ஃபைபரை வெற்றிடத்தில் வைத்து நன்றாக உலர்த்திய பிறகே அளவுதிருத்தம் செய்யுங்கள். அதையும் வெற்றிடத்திலேயே செய்யுங்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மழைக்கால ஈரப்பதம் உங்கள் அடிப்படை எண்ணையே நகர்த்திவிடும். ஈரம் குடிக்காத உலோகப் பூச்சு ஃபைபர்களும் கிடைக்கின்றன, ஆனால் விலையும் கையாளும் சிரமமும் கூடுதல்.

கதிர்வீச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபர் கருத்துப்போகும் என்று பலர் பயப்படுவார்கள். கோளுக்குள் ஓடுவது சில மீட்டர்தான் என்பதால் ஒளி இழப்பு பெரிய சிக்கல் இல்லை. கிரேட்டிங்கின் அலைநீளமே சில பிகோமீட்டரிலிருந்து பத்துக்கணக்கான பிகோமீட்டர் வரை நகர்வதுதான் கவனிக்க வேண்டியது. எழுதுவதற்கு முன் ஹைட்ரஜன் ஏற்றிய ஃபைபர்களில் இந்த நகர்வு அதிகம். வாங்கும்போது 'ஹைட்ரஜன் ஏற்றி எழுதியதா?' என்று கேளுங்கள்.

அலைநீளத் திட்டம்

ஒரே இழையில் பல கிரேட்டிங்குகள் இருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அலைநீளம். பேருந்தில் இருக்கை ஒதுக்குவது போல ஒதுக்க வேண்டும். ஒருவர் அடுத்தவர் இடத்துக்குள் நகர்ந்துவிட்டால் யார் யார் என்று தெரியாது.

உங்கள் இன்டராகேட்டர் 1525 முதல் 1565 நானோமீட்டர் வரை படிக்கிறது என்று வையுங்கள். இடம் 40 நானோமீட்டர். பேனல் மைனஸ் 100 முதல் 100 டிகிரி வரை போகலாம். வீச்சு 200 டிகிரி. இழுப்பு இல்லாத உணரிக்கு 200 பெருக்கல் 10, அதாவது 2 நானோமீட்டர். இரண்டு பக்கமும் பாதுகாப்பு இடைவெளி சேர்த்து 3 என்று வைத்தால் 13 உணரிகள் கொள்ளும். அலுமினியத்தில் ஒட்டியது என்றால் 200 பெருக்கல் 37. ஏழரை நானோமீட்டர் ஒன்றுக்கே போய்விடும். நான்கு, மிஞ்சினால் ஐந்து. ஒட்டும் முறையை முடிவு செய்யாமல் கிரேட்டிங் வாங்க ஆர்டர் போடக்கூடாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஒட்டும் வேலை

இங்கேதான் நிதானம் வேண்டும். மூன்று வழிகள்.

முதல் வழி, நேரடியாக ஒட்டுவது. பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபைபரை வைத்து, இரண்டு ஓரமும் காப்டான் டேப்பால் பிடித்து, மெல்லிய எபாக்ஸி. எளிது, சூடு வேகமாகத் தெரியும். ஆனால் பேனலின் ஒவ்வொரு வளைவும் அளவில் சேரும். பசை காய்ந்து இறுகும்போதே கிரேட்டிங்கைப் பிடித்து நெரிக்கும். நெரிசல் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால், ஒற்றை உச்சியாக இருந்த ஸ்பெக்ட்ரம் (திரும்பும் ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்ற வரைபடம்) இரண்டாகப் பிளந்துவிடும். அதனால் பசை காயக் காய ஸ்பெக்ட்ரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருங்கள். உச்சி அகலமாகத் தொடங்கினால், முழுக்க இறுகும் முன் எடுத்துவிட்டு மறுபடி செய்வதே நல்லது. கெட்டுப்போன உச்சியைப் பிறகு மென்பொருளால் சரிசெய்ய முடியாது.

பசை எது என்பதிலும் கண்டிப்பு உண்டு. வெற்றிடத்தில் பசையிலிருந்து ஆவி கிளம்பி, லென்ஸ்களிலும் சூரியத் தகடுகளிலும் போய்ப் படியும். ஏஎஸ்டிஎம் இ595 என்ற சோதனையில் 125 டிகிரியில், வெற்றிடத்தில், 24 மணி நேரம் வைத்த பிறகு மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், படியக்கூடிய பொருள் 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதே வழக்கமான வரம்பு. ஃபைபர் பூச்சு, குழாய், டேப், கிரீஸ் எல்லாவற்றுக்கும் இதே வரம்புதான். கடையில் கிடைக்கும் உடனடிப் பசையை 'தற்காலிகமாக' வைப்பது கூடவே கூடாது. தற்காலிகமாக வைத்தது பறந்துபோன கதைகளை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது வழி, நான் புதியவர்களுக்குச் சொல்வது: தளர்வான குழாய். கிரேட்டிங்கைச் சிறிய குழாய்க்குள் தொங்கவிட்டு, குழாயை மட்டும் பேனலில் ஒட்டுவது. பேனல் வளைந்தால் குழாய் வளையும். உள்ளே ஃபைபருக்கு ஒன்றும் தெரியாது. வெப்பம் மட்டும் போய்ச் சேரும். இழையின் கடைசி உணரி என்றால் ஒரு முனையை மட்டும் ஒட்டினால் போதும். நடுவில் இருக்கும் உணரிக்கு ஃபைபர் இரண்டு முனையிலும் பிடிக்கப்பட வேண்டியிருக்கும், அப்போது உள்ளே தளர்வு விட வேண்டும். எவ்வளவு? 20 மில்லிமீட்டர் எஃகுக் குழாய் 100 டிகிரி சூடானால் சுமார் 34 மைக்ரான் நீளும். அதே நீளக் கண்ணாடி ஒரு மைக்ரான்தான் நீளும். 34 மைக்ரானைக் கையால் அளந்து தளர்த்த முடியாது. அதற்கு ஒரு நல்ல உபாயம் இருக்கிறது: உணரி பார்க்கப் போகும் உச்ச வெப்பநிலைக்குக் கொஞ்சம் மேலேயே, அடுப்பில் வைத்து, இரண்டு முனைப் பசையையும் இறுக விடுங்கள். அந்தச் சூட்டில் ஃபைபர் நேராக இருக்கும். ஆறும்போது குழாய் கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும், ஃபைபர் தானாகவே தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது எந்த வெப்பநிலையிலும் இழுபடாது. தளர்ந்த ஃபைபர் வளைந்து நிற்க உள்ளே இடம் வேண்டும், அதனால் குழாயின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கட்டும்.

வெற்றிடத்தில் காற்றே இல்லாதபோது தொங்கும் ஃபைபருக்கு எப்படிச் சூடு போகும் என்று கேட்பீர்கள். வெப்பக் கதிர்வீச்சால் போகும். ஃபைபர் மிக மெல்லியது, சுற்றிலும் குழாய்ச் சுவர். அறை வெப்பநிலையில் சில பத்து நொடிகளில் சமநிலைக்கு வந்துவிடும். மைனஸ் 150 டிகிரி போன்ற கடும் குளிரில் கதிர்வீச்சு மிகவும் குறைந்துவிடுவதால் சில நிமிடங்கள் ஆகும். தாழ் வட்டப்பாதையில் ஒரு சுற்றுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிறது, எனவே பேனலின் வெப்பநிலையைப் பார்க்க இது போதும். உந்துவிசைக் கருவி பற்றவைக்கும் நொடிகளைப் பார்க்கப் போதாது. அங்கே உலோகத்தோடு நேரடித் தொடர்பு வேண்டும்.

மூன்றாவது வழி, கார்பன் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே புதைப்பது. ஓர் அடுக்கின் தடிப்பே சுமார் 125 மைக்ரான், ஃபைபரின் கண்ணாடி விட்டமும் 125 மைக்ரான். கார்பன் இழைகள் ஓடும் திசையிலேயே வைத்தால் அவற்றுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். குறுக்கே வைத்தால் ஃபைபரின் இரண்டு பக்கமும் கண் வடிவில் ரெசின் தேங்கி, விரிசலுக்கு வழி வைக்கும். இந்த வழியில் இன்னொரு மறைமுகச் சிக்கல்: கார்பன் ஃபைபர் பேனலின் ரெசினும் ஈரம் குடிக்கும். விண்ணுக்குப் போன பிறகு வாரக்கணக்கில் அந்த ஈரம் வெளியேறி, பேனல் மெல்லச் சுருங்கும். புதைத்த உணரி அதை மெல்லிய குளிர்ச்சியாகச் சொல்லும். எனவே புதைத்த உணரிக்குப் பக்கத்தில், அதே பேனலின் மேல், தளர்குழாய் உணரி ஒன்றையும் வையுங்கள். தளர்ந்தது வெப்பநிலையைச் சொல்லும். புதைத்ததிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது இழுப்பு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

ஃபைபர் வெளியே வரும் இடம்

ஃபைபர் பேனலின் நடுவில் உடைந்து நான் பார்த்ததில்லை. உடைவது விளிம்பில், வெளியே வரும் அந்த இரண்டு மில்லிமீட்டரில். ரெசின் வழிந்து ஃபைபர் மேல் ஏறிக் கண்ணாடி போல இறுகியிருக்கும். விரல் பட்டால் சத்தமே இல்லாமல் முறியும். புதைக்கும்போது வெளியேறும் இடத்தில் மெல்லிய டெஃப்லான் குழாயைப் பேனலுக்குள் ஒரு சென்டிமீட்டர் போகும்படி போட்டு, குழாய் வாயில் ரெசின் ஏறாமல் அடைத்துவிடுங்கள்.

வெளியே வந்த பிறகு வளைவு ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இழையைக் கட்டும்போது நைலான் கட்டுப்பட்டையை நேரடியாக ஃபைபர் மேல் இறுக்காதீர்கள். வயர் கட்டிப் பழகிய கைக்கு இது கடினம், நான் மதிப்பவர்களே செய்து ஃபைபரை நசுக்கியிருக்கிறார்கள்.

இழையின் இரண்டு முனைகளையும் இன்டராகேட்டர் வரை கொண்டுவாருங்கள். கிரேட்டிங் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் திருப்பி அனுப்பும். நடுவில் ஓரிடத்தில் முறிந்தாலும், இடப்பக்க உணரிகளை ஒரு முனையிலிருந்தும் வலப்பக்க உணரிகளை மறு முனையிலிருந்தும் படித்துவிடலாம். வயரில் கிடைக்காத வசதி இது, செலவு ஒரு கனெக்டர்.

இணைப்புக்கு ஸ்ப்ளைஸ் (இரண்டு ஃபைபர் முனைகளை உருக்கி ஒட்டுவது) முடிந்தால் ஸ்ப்ளைஸ். கனெக்டர் போட வேண்டிய இடத்தில் சாய்வு முனை உள்ள ஏபிசி வகை. தட்டை முனையிலிருந்து திரும்பும் ஒளி கிரேட்டிங்கின் உச்சியை மூழ்கடிக்கும். ஒவ்வொரு தடவை இணைக்கும் முன்பும் நுண்ணோக்கியில் முனையைப் பார்த்துத் துடையுங்கள். வெட்டிய ஃபைபர் துணுக்குகளை எண்ணி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மேசையில் கிடக்கும் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது, விரலில் ஏறினால்தான் தெரியும். 1550 நானோமீட்டர் ஒளியும் கண்ணுக்குத் தெரியாது. ஒளி ஓடிக்கொண்டிருக்கும் முனையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

அளவுதிருத்தமும் சோதனையும்

ஒட்டி முடித்த உணரியை, ஒட்டிய நிலையிலேயே அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பக்கத்திலேயே பிடி100 ஒன்றை ஒட்டி, வெற்றிட வெப்ப அறைக்குள் வைத்து, வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டும் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் வருவது பேனலின் வெப்பச் சரிவு, அளவுதிருத்தம் இல்லை.

கிடைக்கும் கோடு நேர்கோடு இல்லை. குளிரக் குளிர உணர்திறன் குறைந்துகொண்டே போகும். திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் வெற்று ஃபைபர் கிட்டத்தட்ட ஊமையாகிவிடும். இருபடிச் சமன்பாடு பெரும்பாலும் போதும், மைனஸ் 100-க்குக் கீழே போனால் முப்படி போட்டுப் பாருங்கள். ஏறும்போது எடுத்த புள்ளிகளும் இறங்கும்போது எடுத்த புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விழவில்லை என்றால் பசை நழுவுகிறது, அல்லது ஈரம் மீதி இருக்கிறது, அல்லது குழாய்க்குள் ஃபைபர் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

அப்புறம் அதிர்வுச் சோதனை. அதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு கிரேட்டிங்கின் முழு ஸ்பெக்ட்ரத்தையும் சேமித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உச்சியின் இடம் மட்டும் பார்த்தால் போதாது. வடிவம் மாறியிருந்தால் உணரியின் பிடி மாறிவிட்டது என்று பொருள்.

தரவைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள்: வெப்பநிலையாக மாற்றிய எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள், மாற்றாத மூல அலைநீள எண்ணையும் அனுப்புங்கள். விண்ணில் ஆறு மாதம் கழித்து அளவுதிருத்தம் தவறு என்று தெரிந்தால், மூல எண் இருந்தால்தான் பழைய தரவைக் காப்பாற்ற முடியும். பேனல் மெதுவாகத்தான் சூடாகும் என்பதால் நொடிக்கு ஓர் அளவே தாராளம். இன்டராகேட்டரின் உள்ளே அசிட்டிலீன் போன்ற வாயு அடைத்த குப்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாயுவின் உறிஞ்சல் கோடுகள் வயதால் நகராது, கருவி தன் அளவுகோலை அதை வைத்துத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

கையால் செய்து பார்க்க

கோள் எதுவும் கைவசம் இல்லாவிட்டாலும் ஒரு மாலை நேரத்தில் இதைச் செய்யலாம். கல்லூரி ஆய்வகத்தில் இன்டராகேட்டர் இருந்தால் போதும். உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு ஒன்று. அதன் மேல் இரண்டு கிரேட்டிங், ஒன்றை எபாக்ஸியால் முழு நீளமும் ஒட்டுங்கள், இன்னொன்றைச் சிறு குழாய்க்குள் தளர்வாக விடுங்கள். நடுவில் பிடி100. தகட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முதலில் ஐஸ் தண்ணீரில், பிறகு வெந்நீரில் இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் காத்திருந்து எண்களை எழுதுங்கள். ஒட்டியது டிகிரிக்கு 37 பிகோமீட்டருக்குப் பக்கத்திலும், தளர்ந்தது 10-க்குப் பக்கத்திலும் வர வேண்டும். ஒட்டியது 30-இல் நின்றால் பசை முழுக்கப் பிடிக்கவில்லை. தளர்ந்தது 15 காட்டினால் குழாய்க்குள் எங்கோ மாட்டியிருக்கிறது.

இரண்டும் சரியாக வந்த பிறகு, தகட்டை வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, இரண்டு ஓரத்தையும் பிடித்து லேசாக வளையுங்கள். ஒட்டிய உணரி பல டிகிரி ஓடும். தளர்ந்தது இருந்த இடத்திலேயே இருக்கும்.